வெளிநாட்டு ஆய்வுக் கூட்டில் ஒப்பமிடுவதற்கு முன்

கொழும்பில் விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், நீரிழிவு நோயாளரின் இரத்த மாதிரிகளையும் மரபணுத் தரவுகளையும் கொண்டு செய்யவிருக்கும் ஆய்வுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நிதியும், ஒரு கருவியும், இரண்டு மாணவருக்குப் புலமைப்பரிசிலும் தர முன்வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். “அந்த நாட்டோடு சேர்ந்தால் நாளைக்கு வெளிநாட்டுத் தலையீடு என்று பேச்சு வரும்” எனச் சக விரிவுரையாளர் ஒருவர் எச்சரித்ததால், எந்த நாடுகளோடு சேரலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி வேறொன்றைச் சொல்கிறது: மறுத்தால் இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது, ஏற்றால் எதை இழக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. உங்களை எழுத வைத்தது இந்த அச்சம்தான் என்று எடுத்துக்கொண்டு, அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ பீடமொன்றில் கற்பித்து வருகிறேன். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் நெறிமுறை மீளாய்வுக் குழுவில் இருந்து, வெளிநாட்டுக் கூட்டாய்வு விண்ணப்பங்களை இணைப்புகளோடு சேர்த்து வரி வரியாக வாசித்திருக்கிறேன். சட்டம் படித்தவளும் அல்ல, பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவளும் அல்ல. ஆகவே ஒப்பந்தத்தின் சட்டச் சொற்களைப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவிடம் நீங்கள் காட்டித்தான் ஆக வேண்டும். ஓர் ஆய்வாளர் தம் மேசையிலிருந்தே எவற்றைக் கவனிக்க முடியும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். அவுஸ்திரேலியா 2019இல் அரசையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்க ஒரு செயலணியை உருவாக்கியது. அதே ஆண்டு வெளியான வழிகாட்டுதல்கள் 2021இல் திருத்தப்பட்டன. அங்கே செல்வாக்கு வேறு, தலையீடு வேறு என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். தூதரகம் ஒன்று புலமைப்பரிசில் தருவதும், தன் மொழியைக் கற்பிக்க நிலையம் திறப்பதும், தன் நாட்டுப் பேராசிரியரை அனுப்பிவைப்பதும் வெளிப்படையாக நடக்கும் வரை செல்வாக்குத்தான். எல்லா நாடுகளும் அதைச் செய்கின்றன. மறைவாகவோ, ஏமாற்றியோ, வற்புறுத்தியோ, கையூட்டுக் கொடுத்தோ நடத்தப்படுவதே தலையீடு. இந்தப் பிரிப்பு நமக்கும் பயன்படும், ஏனெனில் எந்த நாடு என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்தக் கூட்டில் மறைக்கப்படுவது ஏதேனும் உண்டா, இல்லை என்று சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கிறதா என்று கேட்க வைக்கிறது. உங்கள் விடயத்தில் நான் கேட்கும் முதற்கேள்வியும் அதுவே: நிதி உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் தந்திருக்கிறார்களா?

இனி, நம்முடைய ஆபத்து பெரிய நாடுகளின் ஆபத்திலிருந்து வேறுபட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் இராணுவத்துக்குப் பயன்படக்கூடிய தொழில்நுட்பம் களவுபோவதைப் பற்றி. நம்மிடம் அத்தகைய இரகசியங்கள் குறைவு. ஆனால் வேறெங்கும் கிடைக்காத கடல், மண், மூலிகை, நோயாளர் தரவு ஆகியவை உண்டு. நாம் இழப்பது பெரும்பாலும் அவற்றின் மீதான பிடியைத்தான். நீரிழிவு ஆய்வில் இருப்பவர் என்பதால் பொன்கொரண்டியை அறிந்திருப்பீர்கள். சிங்களத்தில் கொத்தலஹிம்புட்டு என்பார்கள். இந்த மண்ணின் வைத்தியர்கள் தலைமுறைகளாக நீரிழிவுக்குக் கொடுத்துவந்த அந்தக் கொடியின் சாற்றை வைத்து வெளிநாடுகளில் காப்புரிமைகள் பெறப்பட்டன. அதற்கு உளவாளி எவரும் தேவைப்படவில்லை. பொருள் வெளியே போகும்போது உரிமையைப் பற்றி எழுதிவைக்க இங்கே எவரும் முன்வராததே போதுமானதாக இருந்தது.

கடலாய்வுக் கப்பல்களின் விடயத்தில் இது நாடளாவிய பேச்சாகவே மாறியது. 2023 ஒக்டோபரில் சீனாவின் ஷி யான் 6 கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவோடு சேர்ந்து ஆய்வு செய்வதற்காக அது வந்ததாகச் சொல்லப்பட்டது. இந்தியா தன் பாதுகாப்பைக் குறித்த கவலையைத் தெரிவித்திருந்தது. அதன் பின் 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் இலங்கை தடை விதித்தது. அத்தகைய ஆய்வுகளில் சம பங்காளியாக நிற்பதற்கான ஆற்றலை வளர்த்துக்கொள்ள அந்தக் காலம் தேவை என்று அன்றைய வெளிநாட்டலுவல்கள் அமைச்சர் விளக்கினார். அந்த முடிவின் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் சம பங்காளி என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு வேண்டிய சட்ட உரிமை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின்படி, நம் பிரத்தியேக பொருளாதார வலயத்தில், அதாவது வளங்கள் மீது நமக்கு உரிமையுள்ள கடற்பரப்பில், ஆய்வு செய்ய விரும்புவோர் நம் சம்மதத்தைப் பெற வேண்டும். குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே முழு விபரமும் தர வேண்டும். நம் விஞ்ஞானிகளைக் கப்பலில் ஏற்றிக்கொள்வதும், தரவுகளையும் மாதிரிகளையும் நமக்குக் கிடைக்கச் செய்வதும், நாம் கேட்டால் அவற்றை மதிப்பிட உதவுவதும் 249ஆம் உறுப்புரையின்படி அவர்களின் கடமை. உரிமை தாளில் இருக்கிறது. அந்தத் தரவைத் திறந்து வாசித்து, அதில் குறைவது எது என்று சொல்லத் தெரிந்தவர் கரையில் இருக்கிறாரா என்பதில்தான் சமத்துவம் தங்கியிருக்கிறது. இரத்த மாதிரிக்கும் இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

என் கைக்கு வந்த ஓர் ஒப்பந்த வரைவைப் பற்றிச் சொல்கிறேன். முதல் ஆறு பக்கங்கள் நட்பு, பரஸ்பர நன்மை, அறிவுப் பகிர்வு என்று ஓடின. பீடச் சபையில் அதுவரைதான் வாசிக்கப்பட்டது. ஒன்பதாம் பக்கத்து இணைப்பில், சிறிய எழுத்தில், மூன்று வரிகள் இருந்தன. தரவுகள் நிதி வழங்குநர் குறிப்பிடும் சேர்வரில் சேமிக்கப்படும் என்றது ஒன்று. எந்தப் பிரசுரத்துக்கும் நிதி வழங்குநரின் முன் அனுமதி எழுத்தில் பெறப்பட வேண்டும் என்றது இன்னொன்று. இந்த இணைப்பின் உள்ளடக்கம் மூன்றாம் தரப்புக்கு வெளியிடப்படலாகாது என்றது கடைசி வரி. முதலாவதைத் திருத்த முடியும்: முழுப் பிரதி ஒன்று எப்போதும் இங்கே இருக்க வேண்டும், இங்குள்ள முதன்மை ஆய்வாளருக்குக் கட்டுப்பாடற்ற அணுக்கம் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் நேர்மையான பங்காளி மறுக்கமாட்டார். இரண்டாவதையும் திருத்தலாம், பிரசுரத்துக்கு முன் முப்பது நாள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லும் உரிமை வழக்கத்தில் உள்ளதே, தடுக்கும் உரிமையைத்தான் கொடுக்கக் கூடாது. மூன்றாவது வரியைக் கண்டதும் நான் பேனாவை வைத்துவிட்டேன். வணிக இரகசியமென்றால் இன்னது இரகசியம் என்று குறித்துச் சொல்லலாம். நிபந்தனைகளையே என் பல்கலைக்கழகத்தின் கல்விசார் உயர் சபையான மூதவையிடமிருந்து மறைக்கச் சொல்வது, தலையீட்டுக்கு மேலே சொன்ன வரையறைக்குள் நேராக வந்து விழுகிறது. அந்த வரியை எடுத்துவிடுமாறு எழுதினோம். மறுப்பேதும் இல்லாமல் எடுத்துவிட்டார்கள்; வேறு யாருக்கோ தயாரித்த படிவம் அப்படியே வந்துவிட்டது என்று விளக்கம் தந்தார்கள். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் நாம் கேட்டிராவிட்டால் அந்த வரி அங்கேயே இருந்திருக்கும்.

மாதிரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் எனக்கே ஒரு வருத்தம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் ‘மைனஸ் எண்பது’ என்று அழைக்கும் உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து நானூற்றுச் சொச்சம் இரத்தக் குப்பிகளை உலர்பனியில் அடுக்கி, கட்டுநாயக்க விமான நிலையம் வழியாகப் பங்காளி ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். ஒவ்வொரு குப்பியின் இலக்கத்தையும் நானும் ஒரு தொழில்நுட்ப உதவியாளரும் பதிவேட்டில் கையால் எழுதினோம். அந்தப் பதிவேடு இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது; மாதிரிகளின் முடிவுகள் இல்லை. அங்கிருந்த பேராசிரியர் ஓய்வுபெற்றார், மின்னஞ்சல்கள் குறைந்தன, மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் ஒரே பக்கம், எஞ்சியதை என்ன செய்வது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. தீய நோக்கம் எவருக்கும் இருந்ததென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊசி குத்தக் கையை நீட்டிய நோயாளருக்கு நான் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. எனவே உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை மாதிரி, எந்தப் பரிசோதனைக்கு, எத்தனை ஆண்டுக்கு, எஞ்சியது திரும்பி வருமா அழிக்கப்படுமா, வேறொருவருக்குக் கைமாற்ற யாருடைய அனுமதி வேண்டும் என்பவை எழுதப்படாமல் ஒரு குப்பியையும் வெளியே அனுப்பாதீர்கள். கூடுமானால் பகுப்பாய்வை இங்கேயே செய்து தரவை மட்டும் பகிருங்கள். அவர்கள் தரும் கருவி அதற்குப் பயன்படுமா என்று கேளுங்கள். இங்கே ஓட்டக்கூடிய பரிசோதனைக்கும் மாதிரி வெளியே வர வேண்டும் என்று வற்புறுத்தினால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சம்மதப் படிவத்தையும் நீங்களே மூன்று மொழிகளிலும் வாசியுங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஆங்கிலப் படிவம், மாதிரிகள் வெளிநாட்டில் சேமிக்கப்பட்டு எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படலாம் என்றது. சிங்களமும் அப்படியே சொன்னது. தமிழில் ‘வெளிநாட்டில்’ என்ற சொல்லே இல்லை. மொழிபெயர்ப்பில் நழுவிய ஒரு சொல்தான். அந்தப் படிவத்தில் ஒப்பமிட்டிருக்கக்கூடிய கொட்டாஞ்சேனைத் தாயொருவர் எதற்குச் சம்மதித்தார் என்று பின்னர் கேட்டால், நம்மிடம் பதில் இருந்திருக்காது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் மரபணுத் தரவையும் சிறப்புக் கவனத்துக்குரியவையாக வைத்திருக்கிறது. தரவு நாட்டுக்கு வெளியே செல்வதற்கும் அதில் ஏற்பாடுகள் உண்டு. அந்தச் சட்டம் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருவதால், நீங்கள் ஒப்பமிடும் நாளில் எந்தப் பிரிவு நடைமுறையில் உள்ளது என்பதைச் சட்டப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, வெளிப்படுத்தல். இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் சார்ல்ஸ் லீபர் 2021 டிசம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டபோது அவர் மீதிருந்த குற்றம் உளவு பார்த்தது அன்று. வூஹானிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு மாதம் 50,000 டொலர் வரை பெறும் உடன்படிக்கை இருந்தும், அதுபற்றி அரச அதிகாரிகளிடம் பொய் சொன்னதும் வரிப் படிவத்தில் மறைத்ததுமே அவரை வீழ்த்தின. அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் சீனாவுக்காக உளவும் தொழில்நுட்பக் களவும் நடப்பதைத் தடுக்கவென்று அமெரிக்க நீதித் திணைக்களம் தொடங்கிய ‘சைனா இனிஷியேட்டிவ்’ என்ற நடவடிக்கையில், சீனாவில் பிறந்த எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார். ஓராண்டில் வழக்கு கைவிடப்பட்டது. அதே நடவடிக்கையில் குற்றஞ்சாட்டப்பட்ட, அவரைப் போலவே சீனாவில் பிறந்த டென்னசி பல்கலைக்கழகத்தின் ஆன்மிங் ஹூ 2021 செப்டெம்பரில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 2022 பெப்ரவரியில் அந்த நடவடிக்கையே முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெயரையும் பிறப்பையும் வைத்துச் சந்தேகப்பட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ் ஆய்வாளர்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கனடாவிலோ இலண்டனிலோ உள்ள தமிழ்ப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து மண் ஆய்வு செய்ததற்கே கேள்வி கேட்கப்பட்ட சக ஊழியர்களை நான் அறிவேன். உங்கள் சக விரிவுரையாளரின் எச்சரிக்கையில் இருந்த ‘அந்த நாடு’ என்ற சொல்லை நான் ஏற்க மறுப்பதும் இதனாலேயே. நம்மைக் காப்பதும் வெளிப்படுத்தல்தான்: வெளிநாட்டு நிதி, மதிப்பூதியம், கௌரவப் பதவி, பயணச் செலவு எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப்படாவிட்டாலும் கொடுங்கள்.

கருவியைப் பற்றி ஒன்று. சில நாடுகளிலிருந்து வரும் நுட்பக் கருவிகளோடு இறுதிப் பயன்பாட்டாளர் உறுதிமொழி என்ற ஒரு தாள் வரும். யார், எங்கே, எதற்குப் பயன்படுத்துவார் என்று நாம் ஒப்பமிட்டுக் கொடுப்போம். பெரும்பாலோர் அதைக் கொள்வனவுப் பிரிவின் காகிதமென்று நினைத்து வாசிப்பதில்லை. ஒரு நாட்டிலிருந்து அப்படி வாங்கிய கருவியை இன்னொரு நாட்டுப் பங்காளியின் கையில் கொடுத்தால், நாம் அறியாமலே அந்த உறுதிமொழியை மீறியிருப்போம். சிறிய நாடுகள் இடைத்தங்கலாகப் பயன்படுத்தப்படும் வழிகளுள் இதுவும் ஒன்று. நன்கொடைக் கருவியென்றால், அதைத் தொலைவிலிருந்து இயக்கவோ தரவை எடுக்கவோ வழி இருக்கிறதா என்று கணினிப் பிரிவு பார்க்கட்டும். பராமரிப்புக்கு மட்டும் இணைப்பைத் திறந்து மூடலாம்.

கணினிக் கணக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 நவம்பரில் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்கள் ஒரேயொரு மின்னஞ்சலோடு தொடங்கினார்கள். மூத்த அலுவலர் ஒருவரின் அஞ்சற்பெட்டியைப் பார்த்துவந்த இன்னொரு அலுவலர் அதை முன்னோட்டத்தில் கண்டதே போதுமானதாக இருந்தது, இணைப்பைச் சொடுக்கவும் இல்லை. அப்பல்கலைக்கழகம் நடந்ததை மறைக்காமல் விரிவான அறிக்கையாகவே வெளியிட்டது. கணினிப் பிரிவிடம் சொல்லி அதை ஒரு முறை வாசிக்க வையுங்கள். வருகைதரு ஆய்வாளருக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கம் நம் ஆய்வுகூடங்களில் இன்னும் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, அவருக்குத் தனிக் கணக்கும் முடிவுத் திகதியும் கொடுங்கள்.

புலமைப்பரிசில் பெறும் இரண்டு மாணவர்களை நான் கருவியை விட முக்கியமாகக் கருதுகிறேன். அவர்களுடைய உடன்படிக்கை தனியாக இருக்கும். நீங்கள் பார்க்காமலே அவர்கள் ஒப்பமிட்டுவிடுவார்கள். படிப்பு முடிந்ததும் எங்கே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும், மற்ற மாணவரைப் பற்றியோ இங்குள்ள ஆய்வைப் பற்றியோ அறிக்கை தர வேண்டுமா என்பவற்றை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் அந்தப் புலமைப்பரிசிலை மறுக்கச் சொல்லுங்கள். அங்கே போனபின் நெருக்கடி வந்தால் அழைக்க ஒருவரின் தொலைபேசி இலக்கம் அவர்களிடம் இருக்கட்டும்.

எதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்காளியின் உள்நோக்கத்தை வெளியிலிருந்து எவராலும் நிறுவ முடியாது. அவுஸ்திரேலிய மூலோபாயக் கொள்கை நிறுவனம் 2019இல் சீனப் பல்கலைக்கழகங்களின் இராணுவத் தொடர்புகளைத் தரவுத்தளமாக வெளியிட்டது. கனடா 2024இல் தன் பாதுகாப்புக்கு ஆபத்தாகக்கூடும் என்று கருதிய சீன, ரஷ்ய, ஈரானிய நிறுவனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. இவை அந்த நாடுகளின் தேவைக்காக எழுதப்பட்டவை, நமக்குத் தீர்ப்பாகா. இருந்தாலும் பாருங்கள், ஏனெனில் ஒரு நடைமுறை விளைவு உண்டு: பட்டியலிலுள்ள நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளரைச் சேர்த்துக்கொண்டு நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடையவையாகக் கருதப்படும் தொழில்நுட்பத் துறைகளில் கனடாவின் மத்திய அரச ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது. இன்றைய கூட்டு உங்களுடைய நாளைய கூட்டை மூடக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். நீரிழிவு ஆய்வு அந்த வகைக்குள் வருவது அரிது என்பது என் எண்ணம். பெருந்தொகை மரபணுத் தரவு என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மூதவை, பேரவை, தேவைப்பட்டால் சட்டமா அதிபர் திணைக்களத்தின் கருத்து என்று நம்முடைய நடைமுறை மெதுவாகவே நகரும். பங்காளி அவசரப்படுத்தினால், தாமதம் எங்கள் வழக்கம் என்று சொல்லத் தயங்காதீர்கள். அதற்கு முன் இந்த வாரமே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: நிதியின் மூலத்தைத் தெரிவியுங்கள், தரவின் முழுப் பிரதியும் பிரசுரிக்கும் உரிமையும் எங்களிடம் இருக்கும் என்பதை உறுதிசெய்யுங்கள், ஒப்பந்தம் இணைப்புகளோடு முழுமையாக எங்கள் மூதவைக்குச் சமர்ப்பிக்கப்படும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரையில் நல்ல பங்காளிகள் இதற்கு ஓரிரு வாரங்களில் நேரான பதில் தருகிறார்கள். பலர் மகிழ்ச்சியோடு தருகிறார்கள், ஏனெனில் அவர்களுடைய பல்கலைக்கழகமும் இதையே அவர்களிடம் கேட்கிறது. வரும் பதிலை அச்சிட்டு மூதவைப் பத்திரத்தோடு இணையுங்கள். அதுவரை கருவிக்காக ஆய்வுகூடத்தில் இடம் ஒதுக்கவும் வேண்டாம், மாணவருக்கு உறுதிமொழி கொடுக்கவும் வேண்டாம். பெட்டி வந்து இறங்கிய பிறகு நிபந்தனை பேசும் துணிவு நம் பீடங்களில் எவருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.